மாலைக் கடலுக்கு ஓர் அலுமினியப் படகு

அலுமினியப் படகு வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது நீளத்தையும் குதிரைத்திறனையும்தான். பதினைந்து அடி போதுமா, நாற்பது குதிரைத்திறன் இழுக்குமா என்று தொடங்குவார்கள். நான் பதில் சொல்லாமல் வேறொன்று கேட்பேன்: பிற்பகல் மூன்று மணிக்கு நீங்கள் போகும் கடல் எப்படி இருக்கும்? பலருக்கு இது எரிச்சலூட்டும். படகு விற்பவர் யாரும் இதைக் கேட்பதில்லையே என்பார்கள். கேட்க மாட்டார்தான். அவர் வீட்டுக்குப் போகும் நேரத்தில் நாம்தான் கடலில் இருப்போம்.

வெயில் ஏறினால் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும். நிலத்தின் மேலுள்ள காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும். காலையில் சலனமில்லாமல் கிடந்த நீர், மதியம் தாண்டியதும் குட்டையும் செங்குத்துமான அலைகளாக எழுந்து நிற்கும். நீரோட்டம் காற்றுக்கு எதிர்த்திசையில் ஓடினால் இன்னும் மோசம். அதிகாலையில் எந்தத் தகரத் தோணியும் ஓடும். மீன் பெட்டி நிறைந்து, ஆட்கள் களைத்து, பெட்ரோல் குறைந்து திரும்பும் நேரத்தில் ஓடுவதுதான் படகு.

இந்தக் கோடையில் என் மைத்துனர் படகு வாங்கக் கிளம்பியபோது, பார்த்த ஒவ்வொரு படகிலும் அவர் நேராக அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்குப் போனார். நான் அமரத்துக்கு, அதாவது பின்முனைக்குப் போனேன். கூர்மையான முகம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கடற்காற்றில் கரை திரும்பும்போது அலை நம் முதுகுப்பக்கமாக வருகிறது. மோட்டார் மாட்டும் பின்பலகை எவ்வளவு உயரம், அதன் நடுவே எவ்வளவு ஆழத்துக்கு வெட்டியிருக்கிறார்கள், வெட்டுக்கு உட்புறம் தண்ணீரைத் தடுக்கும் தொட்டி போன்ற தடுப்பு இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வேகத்தைச் சட்டென்று குறைத்தால் நம் படகு எழுப்பிய அலையே பின்னால் வந்து ஏறும். தாழ்ந்த பின்பலகையில் அந்த ஓர் அலை போதும். உள்ளே புகுந்த தண்ணீரின் எடையில் அமரம் இன்னும் தாழும், அடுத்த அலைக்கு வழி இன்னும் சுலபமாகும். நல்ல படகுகளில் பின்பலகை முழு உயரத்துக்கு மூடியிருக்கும்; மோட்டார் அதற்கும் வெளியே நீட்டிய தனிப் பெட்டியில் தொங்கும். அப்படிப்பட்டது கிடைத்தால் நீளத்தில் ஓர் அடி குறைந்தாலும் பரவாயில்லை என்பேன்.

அடிப்பகுதியின் சரிவைப் பற்றி ஆளுக்கொரு கட்சி. தட்டையான அடி கொண்ட படகு நிற்கும்போது ஆடாது, சிறிய மோட்டாரிலும் சுலபமாக நீர்மேல் எழும்பும், ஆழமில்லாத இடத்திலும் நுழையும். காயலுக்கும் ஆற்றுமுகத்துக்கும் அதுவே சரி. அதையே மாலைக் கடலில் எதிர் அலைக்கு ஓட்டிப் பாருங்கள், ஒவ்வோர் அலையும் முதுகெலும்பில் எண்ணிக்கை போடும். ஆழமான 'வி' வடிவம், அதாவது பின்பகுதியில் 18, 20 டிகிரி சரிவு உள்ளது, அலையைப் பிளந்து மெதுவாக இறங்கும். ஆனால் அலுமினியம் இலேசானது. ஆழமான 'வி' அடியும் குறைந்த எடையும் சேர்ந்தால், நிறுத்தி வைத்துத் தூண்டில் போடும்போது எல்லோரும் ஒரே பக்கம் போக முடியாதபடி சாயும். இதற்காகச் சில தயாரிப்பாளர்கள் அடியில் திறந்த அறை ஒன்றை வைக்கிறார்கள். நிற்கும்போது அதில் கடல்நீர் நிறைந்து படகை அழுத்திப் பிடிக்கும். ஓடத் தொடங்கியதும் தானே வடிந்துவிடும். நல்ல யோசனைதான், ஆனால் அந்த அறையைக் கழுவும் வேலை நம் தலையில் விழும். இருவர் மூவராகக் கரையோரம் போய்வர, பின்பகுதியில் 14 முதல் 17 டிகிரி வரை சரிவும், அகலமும், முன்பக்கம் நல்ல கொள்ளளவும் உள்ள படகு என் தேர்வு. முன்பக்கக் கொள்ளளவு முக்கியம். பின்னலையில் சறுக்கி இறங்கும்போது மெலிந்த அணியம் முன்னால் உள்ள அலைக்குள் குத்தும். படகு தானே ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். அந்தக் கணத்தில் சுக்கான் உங்கள் பேச்சைக் கேட்காது.

அடுத்தது தகடு. கடலுக்கான படகில் தகட்டின் உலோகக் கலவை எண்ணைக் கேளுங்கள். 5052, 5083, 5086 ஆகியவை மக்னீசியம் கலந்த வகைகள், உப்புநீரைத் தாங்குபவை. 5083-இல் மக்னீசியம் நான்கு விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். கனத் தகட்டுப் படகுகளில் அதிகம் காணப்படுவது அதுதான். 6061 என்பது வெப்பப் பதப்படுத்தலால் வலிமை பெறும் வகை. கம்பி, குழாய், விளிம்புச் சட்டம் ஆகியவற்றுக்கு நல்லது, ஆனால் வெல்டிங் செய்த இடத்தை ஒட்டி அதன் வலிமை பெரிதும் குறையும். விற்பவருக்கு இந்த எண் தெரியவில்லை என்றால் அதுவே ஒரு தகவல்.

தடிமனில் 1.6 மி.மீ. என்பது அச்சில் அழுத்தி வளைத்த சிறு படகுகளின் கணக்கு. திறந்த கடலோரத்துக்கு அடித்தகடு 3 மி.மீ.க்குக் குறையக்கூடாது, 4 இருந்தால் நிம்மதி, பக்கத் தகடு 3 போதும். இதற்கு மேல் தடிமனை மட்டும் துரத்துவதில் பயனில்லை. உள்ளே நெடுக்கு விட்டங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன, குறுக்குச் சட்டங்களோடு எப்படி இணைந்திருக்கின்றன என்பதும் அதே அளவு முக்கியம். எஃகுக்கு ஒரு குணம் உண்டு: குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சிறுசிறு வளைவுகள்கூடக் கணக்கில் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் விரிசலாக வெளிவரும். அதனால்தான் அலையில் தகடு துடிக்காமல் விட்டங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ரிவெட் அடித்த படகா, வெல்டிங் செய்ததா என்ற பழைய சண்டையில் நான் வெல்டிங் பக்கம். ரிவெட் படகு இலேசு, பழுதுபார்ப்பதும் சுலபம். அமைதியான நீரில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். குட்டை அலையில் தினமும் அடிவாங்கினால் ரிவெட் ஒவ்வொன்றாகத் தளர்ந்து வியர்க்கத் தொடங்கும்.

பழைய படகு பார்க்கப் போனால் ஒரு கைவிளக்கும் சிறிய கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். மைத்துனருக்குப் பிடித்துப்போன ஒரு படகு வெளியே புது வண்ணத்தில் மின்னியது.

"அத்தான், புதுசு மாதிரியே வைத்திருக்கிறாரே!"

"இருக்கட்டும் மாப்பிள்ளை, அந்தத் தரைப் பலகையைத் தூக்குங்கள்."

பலகைக்கு அடியில் ஈரமான தரைவிரிப்புத் துண்டு ஒன்று தகட்டோடு ஒட்டிக்கிடந்தது. உரித்தபோது அதன் முதுகில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. பொடியைத் துணியால் துடைத்ததும் தகட்டில் ஊசிமுனை அளவுப் பள்ளங்கள் தெரிந்தன. சில பள்ளங்களில் நகம் சிக்கியது. அருகில் ஈயக் குண்டு ஒன்று, எப்போதோ கைதவறி உருண்டு போனது, தான் கிடந்த இடத்தில் வட்டமாக ஒரு குழியைத் தின்றிருந்தது. துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளைச் சுற்றி வண்ணம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே மாவு நொறுங்கும் ஓசை. பின்பலகையின் மேல் மூலைகள் இரண்டிலும், மோட்டாரின் இழுப்பு முழுவதும் வந்து சேரும் அந்த இடத்தில், மயிரிழை போன்ற கோடு வெல்டிங்கை ஒட்டி ஓடியது. மைத்துனர் அதற்குப் பிறகு வண்ணத்தைப் பற்றிப் பேசவில்லை.

அலுமினியம் உப்பில் அழியும் என்று பலர் பொதுவாகச் சொல்கிறார்கள். வெறும் காற்றும் நீரும் பட்டால் அது தன்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடுப் படலத்தைப் போட்டுக்கொண்டு சும்மா இருக்கும். நீர்க்கோட்டுக்கு மேல் வண்ணமே பூசாமல் விடலாம். அதை அழிப்பவை இரண்டு: காற்று புகாமல் தேங்கிய ஈரம், வேற்று உலோகத்தின் சகவாசம். கடல்நீரில் இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றொன்றுக்காகக் கரையும். அந்தக் கூட்டணிகளில் பெரும்பாலும் கரைவது அலுமினியம்தான். செம்பு அதற்குப் பரம எதிரி. பாசி பிடிக்காமல் இருக்கப் பூசும் வண்ணங்களில் பல செம்பு கலந்தவை, அவற்றை அலுமினியப் படகில் பூசவே கூடாது. செம்புச் சேர்மத்தில் ஊறவைத்துப் பதப்படுத்திய மரப்பலகையைத் தரைக்குப் போடுவதும் அதே தவறு. செம்புக் கம்பித் துண்டு, பித்தளைத் திருகு, ஈயக் குண்டு, சில்லறைக் காசு எதுவும் அடியில் கிடக்க விடாதீர்கள். எஃகு போல்ட் தவிர்க்க முடியாதது. அதற்கு நைலான் வாஷர் போட்டு, புரியில் காப்புப் பசை தடவி முடுக்க வேண்டும். மின்கருவி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இரண்டு கம்பிகள் பேட்டரி வரை போக வேண்டும். காரில் செய்வதுபோல உடலையே எதிர்முனையாகப் பயன்படுத்தும் மின்பணியாளர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நீரிலேயே கட்டிவைக்கும் படகாக இருந்தால் தியாகக் கட்டிகள், அதாவது படகுக்குப் பதிலாகத் தாம் கரையும் உலோகக் கட்டிகள், அவசியம். கடலுக்குத் துத்தநாகம் அல்லது அதற்கென்றே வரும் அலுமினியக் கலவை. மக்னீசியக் கட்டி நன்னீருக்கானது, கடலில் வேகமாகக் கரைந்துபோகும். பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அவற்றின்மேல் வண்ணம் அடித்துவைத்து, பார் எவ்வளவு நாளானாலும் தேயவே இல்லை என்று பெருமைப்பட்டவரையும் பார்த்திருக்கிறேன்.

தரைக்கு அடியில் மிதவை நுரை இருக்கிறதா என்று கேளுங்கள். மூடிய குமிழ் வகைதான் வேண்டும். மற்றது நாளடைவில் தண்ணீர் குடித்துக் கனக்கும், தகட்டோடு ஈரத்தையும் பிடித்துவைக்கும். நுரை முழுவதும் தரைக்கடியில் மட்டுமே இருந்தால், நீர் நிறைந்த படகு மிதக்கும், ஆனால் கவிழ்ந்து மிதக்கும். பக்கச் சுவர்களிலும் கொஞ்சம் இருந்தால்தான் நிமிர்ந்து நிற்கும். தரையில் விழும் நீர் தானே வெளியேறும் அமைப்பு உள்ள படகென்றால், வாங்கும் முன் மூன்று பேர் அமரத்தில் நின்று பாருங்கள். வெளியேற வேண்டிய துளை வழியாக நீர் உள்ளே வந்தால், மீன் பெட்டி நிறைந்த அன்றும் அதுதான் நடக்கும்.

இனி மோட்டார். படகின் பக்கத்தில் ஒட்டிய தகட்டில் அதிகபட்சக் குதிரைத்திறனும் சுமையும் எழுதியிருக்கும். அந்த எண்ணைத் தாண்டாதீர்கள். அதே சமயம் அதில் பாதியை வாங்கி மிச்சம் பிடித்ததாகவும் நினைக்காதீர்கள். பின்னலையில் திரும்பும்போது நாம் செய்ய வேண்டியது ஓர் அலையின் முதுகில் ஏறி, அதைத் தாண்டாமலும் அடுத்ததிடம் மாட்டாமலும் அதனோடே வருவது. அதற்குக் கைப்பிடியைத் திருகியதும் உடனே பதில் சொல்லும் கையிருப்புச் சக்தி வேண்டும். முழுச் சுமையோடு முக்கால் திருகலில் நீர்மேல் எழும்பி ஓடுமானால் மோட்டார் சரி. எப்போதும் முழுத் திருகலில் கத்திக்கொண்டே ஓடும் சிறிய மோட்டார் பெட்ரோலையும் மிச்சம் பிடிப்பதில்லை. ஐந்து மீட்டரை ஒட்டிய கனத் தகட்டுப் படகுக்கு 60 குதிரைத்திறன் பொருத்தமாக இருக்கும்.

எடையையும் பாருங்கள். 60 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் 110 கிலோவை ஒட்டியிருக்கும். பழைய படகின் பின்பலகை, இலேசான இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டதாக இருக்கலாம். அதில் புதியதை மாட்டினால் அமரம் தாழும். மேலே சொன்ன அலைக்கு நாமே கதவைத் திறந்துவிட்டதுபோல் ஆகும்.

தண்டு நீளம் பெரும்பாலும் மூன்று அளவுகளில் வரும்: 15, 20, 25 அங்குலம். பின்பலகையின் உயரத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள், விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். புரொப்பல்லருக்கு மேலே உள்ள கிடைத்தட்டு படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ அதற்குச் சற்று மேலாகவோ நிற்க வேண்டும். தண்டு குட்டையாக இருந்தால் அலையில் புரொப்பல்லர் காற்றைக் குடித்து வீணாகச் சுற்றும். நீளமாக இருந்தால் நீரைக் கிழித்து இழுப்பு கூடும், ஆழமில்லாத இடத்தில் அடிவாங்கும்.

இரண்டு ஸ்ட்ரோக்கா நான்கா என்பதில் எனக்கு உணர்ச்சி எதுவும் இல்லை. கார்புரேட்டர் வைத்த இரண்டு ஸ்ட்ரோக் இலேசு, எளிமை, கடலிலேயே திறந்து சரிசெய்யலாம். ஆனால் பெட்ரோலில் ஒரு பகுதியை எரிக்காமலே வெளியே துப்பும். அதன் புகையில் நாள் முழுக்க உட்கார வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் அமைதி, சிக்கனம், மெதுவான ஓட்டத்தில் தூண்டில் இழுக்க அருமை. யமஹா, சுசூகி, ஹோண்டா, மெர்க்குரி, டோஹட்சு எல்லாமே நல்ல மோட்டார்கள்தான். எதை வாங்குவது என்பதை உங்களுக்குப் பக்கத்தில் எந்த மெக்கானிக் எதன் உதிரிப்பாகத்தைக் கையில் வைத்திருக்கிறார் என்பது முடிவு செய்யட்டும். ஓலே எவின்ரூட் 1909-இல் தொடங்கிய எவின்ரூட் என்ற மோட்டார்ப் பெயர் நூறாண்டு தாண்டியது. 2020-இல் அந்த மோட்டார்களின் உற்பத்தியே நின்றுபோனது. பெயரின் வயது உதிரிப்பாகத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

பழைய மோட்டார் என்றால் கியர் பெட்டியின் கீழ்த் திருகைச் சற்றே தளர்த்தி நாலு சொட்டு எண்ணெயை விரலில் வாங்கிப் பாருங்கள். தெளிவாகவோ கருத்தோ வந்தால் பேச்சைத் தொடரலாம். பால் காப்பி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் போய்விட்டது. பிறகு ஓடவிட்டு, பக்கவாட்டில் பீச்சும் குளிர்நீர்த் தாரையைக் கவனியுங்கள். வலுவாக, தொடர்ச்சியாக வர வேண்டும். கடலில் ஓடிய மோட்டாரை ஒவ்வொரு முறையும் நன்னீர் விட்டுக் கழுவாதவரின் மோட்டாரில் உப்பு, தெர்மோஸ்டாட்டைச் சுற்றி இறுகியிருக்கும். புதியதென்றால் முதல் சர்வீஸ் 20 மணி நேரத்தில், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை. பெட்ரோல் வரும் வழியில் நீரைப் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைப் போட்டுவிடுங்கள், கடலில் பாதிக் கோளாறுகள் அங்கேயே நின்றுவிடும்.

60 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக், முழுத் திருகலில் மணிக்குச் சுமார் 20 லிட்டர் குடிக்கும். நிதானமாக ஓடினால் ஏறக்குறைய அதில் பாதி. போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, தொடாமல் ஒரு பங்கு என்று தொட்டியைக் கணக்கிடுங்கள். வரும்போது ஆகும் செலவு போகும்போது ஆனதைவிட அதிகமாகலாம். அவசர நிறுத்தக் கயிறு மணிக்கட்டிலோ காலிலோ மாட்டியிருக்க வேண்டும். பின்னலையில் தடுமாறி விழுந்தவர் மேல் ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து ஏறியிருக்கிறது.

மைத்துனர் கடைசியில் 4.8 மீட்டர் படகு ஒன்றை எடுத்தார். அடித்தகடு 4 மி.மீ., மூடிய பின்பலகை, 20 அங்குலத் தண்டில் 60 குதிரைத்திறன். அதையும் பிற்பகலில், மூன்று பேரும் நிறைந்த பெட்ரோலும் ஏற்றி ஓட்டிப் பார்த்த பிறகுதான். விற்றவருக்கு முகம் சுளித்தது, இருந்தாலும் வந்தார். படகு நன்றாகவே அலை எடுத்தது. புரொப்பல்லர் மட்டும் இன்னும் சரியாகவில்லை. முழுத் திருகலில் மோட்டார் நிமிடத்துக்கு 5,100 சுற்றுக்கு மேல் ஏற மறுக்கிறது; அந்த மோட்டாருக்குச் சொல்லப்பட்ட எல்லை 5,000 முதல் 6,000 வரை. எல்லைக்குள் இருக்கிறதே என்கிறார் அவர். மூன்று பேரோடு இப்படியென்றால் மீன் ஏறிய பிறகு எல்லைக்குக் கீழே இறங்கிவிடும் என்கிறேன் நான். புரொப்பல்லரின் சாய்வளவில், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரத்தில், ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று கூடும். இப்போதிருப்பது 13 அங்குலம். 11-ஐ இரவல் கேட்டிருக்கிறோம்.